வருகைப் பதிவேட்டை ஒழிக்கும், வகுப்பறையை அல்ல: ஆலைப் பயிற்சிக்கு மூடுல்

தீயணைப்பு, வேதிப்பொருள் கையாளுதல், எந்திரத்தைப் பூட்டி அட்டை மாட்டும் முறை, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். ஆண்டு முழுக்க இதே பாடங்களை இதே ஹாலில் ஷிப்டுக்கு ஒருமுறை நடத்திக்கொண்டிருக்கும் ஆலை, இணையத்துக்கு மாறலாம் என்று நினைத்ததும் முதலில் காதில் விழும் பெயர் மூடுல். பாடம், தேர்வு, நிறைவுப் பதிவு எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள் இது. மென்பொருளுக்கு விலை இல்லை என்பதே முக்கியக் காரணம். 300 பேர், மூன்று ஷிப்ட், பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது என்ற நிலையில் உள்ள ஓர் ஆலையை அளவுகோலாக வைத்து எழுதியது இந்த மதிப்புரை. எடுத்துக்கொண்ட பதிப்பு 4.5. இது 2024 அக்டோபரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை உண்டு. 5 வரிசையும் வந்துவிட்டது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு தடவை மேம்படுத்த ஆள் இல்லாத ஆலைக்கு 4.5தான் தோது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். யார், எப்போது, எத்தனை மதிப்பெண்ணில் முடித்தார் என்பதை ஆடிட்டர் முன் வைப்பதில் இதை மிஞ்ச இலவசமாக எதுவும் இல்லை. ஆண்டுதோறும் திரும்ப நடத்த வேண்டிய பயிற்சியில் சறுக்குகிறது. தமிழில் சான்றிதழ் அச்சிடச் சொன்னால் சொதப்புகிறது.

இந்தச் சறுக்கலுக்கு வேர் அதன் பிறப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய மூடுலின் முதல் பதிப்பு 2002இல் வந்தது. பள்ளி, கல்லூரிக்காக எழுதப்பட்டது. கல்லூரி மாணவர் ஒரு பாடத்தை ஒருமுறை முடிப்பார், போய்விடுவார். தொழிலாளி அதே பாடத்தை அடுத்த ஆண்டும் முடிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மூடுலின் பெரும்பாலான முரண்டுகள் புரிந்துவிடும்.

எதை ஏற்றுவது, எதை ஹாலிலேயே விடுவது

மாற்றத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் மென்பொருளால் அல்ல. ஆறு மணி நேர வகுப்பின் 140 ஸ்லைடுகளை அப்படியே பிடிஎஃப் ஆக்கி ஏற்றி, கடைசியில் பத்துக் கேள்வி வைத்துவிட்டு "ஆன்லைன் ஆகிவிட்டது" என்று அறிவிப்பதால்தான். வகுப்பில் பயிற்சியாளர் ஸ்லைடைத் தாண்டிச் சொன்னவை அத்தனையும் அந்தப் பிடிஎஃபில் இருக்காது.

தீயணைப்பு வகுப்பையே எடுத்துக்கொள்வோம். தீ எரிய எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்பது, தீயின் வகைகள், எந்த வகைக்கு எந்தத் தீயணைப்பு சிலிண்டர், அபாய மணி கேட்டால் எந்த வழியே எங்கே கூடுவது. இந்த நான்கும் திரைக்குப் போகலாம். ஒவ்வொன்றும் 8 முதல் 10 நிமிடத்துக்குள் ஓர் அலகு, அலகு முடிவில் மூன்று கேள்வி. சிலிண்டரின் பின்னை (pin) இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீசுவது மட்டும் கையால்தான் வரும். சிலிண்டரின் எடையையும் பீய்ச்சும்போது ஏற்படும் உதைப்பையும் காணொளியில் காட்ட முடியாது. அதற்குத் திறந்தவெளியில் ஒரு மணி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஆறு மணி நேரம் என்பது திரையில் 40 நிமிடமும் களத்தில் ஒரு மணியுமாகச் சுருங்கும். சேமிப்பு அங்கேதான், ஹாலை முழுதாக மூடுவதில் இல்லை.

கைப்பயிற்சியையும் மூடுலில் பதிவு செய்ய வழி உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. "அசைன்மென்ட்" செயல்பாட்டை எடுத்து, சமர்ப்பிப்பு வகைகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தொழிலாளி எதையும் ஏற்றத் தேவையில்லை. மதிப்பிடும் முறையாக "ரூப்ரிக்" என்ற அளவுகோல் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து நான்கு வரிசை போடுங்கள்: பின்னை இழுத்தாரா, அடியைக் குறிவைத்தாரா, தூரம் சரியா, வெளியேறும் வழியைத் தன் பின்னால் வைத்து நின்றாரா. சூப்பர்வைசர் கையில் டேப்லெட்டோடு நின்று சரியான கட்டத்தைத் தட்டினால் போதும். திரைப்பாடமும் கைப்பயிற்சியும் தேறினால்தான் பாடம் முடிந்ததாகக் காட்டும்படி கட்டலாம். தாளில் கையெழுத்து வாங்கும் வருகைப் பதிவேட்டுக்கு இதுதான் உண்மையான மாற்று.

வெளியில் வாங்கிய ஆயத்தப் பாடம் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் தீயணைப்புப் பாடங்களில் சி வகை என்றால் மின்சாரத் தீ. நம் ஐஎஸ் 2190 தரப்படி சி வகை என்றால் எரிவாயுத் தீ. படம் அழகாக இருக்கிறதே என்று வாங்கிப் போட்டால், சுவரில் மாட்டிய சிலிண்டரின் எழுத்துக்கு ஒரு பொருள், திரையில் படித்ததற்கு வேறு பொருள். தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தவர் களத்தில் தவறுவார்.

நிறுவுதல்

சர்வர் தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. பிஎச்பி நிரல்மொழியின் 8.1 முதல் 8.3 வரையான பதிப்பு, தரவுத்தளத்துக்கு மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ், இவை போதும். நினைவகத்துக்கு ஒரு பழைய கணக்கு இன்றும் ஓடுகிறது: 1 ஜிபி ராமுக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர். 4 ஜிபி சர்வர் என்றால் 40 முதல் 80 பேர் தாங்கும். 300 பேர் ஆலைக்கு இது தாராளம், ஆனால் "காலை 6 மணி ஷிப்ட் ஏறும் முன் எல்லாரும் தேர்வு எழுதிவிடுங்கள்" என்று சுற்றறிக்கை விட்டால் சர்வர் படுத்துவிடும். ஒரு வார அவகாசம் கொடுங்கள், கூட்டம் தானாகப் பரவும்.

மூன்று இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, மூடுல்டேட்டா கோப்புறை. இதை இணையத்தில் திறந்து கிடக்கும் கோப்புறைக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் ஊழியர் ஏற்றிய கோப்புகள் யார் கண்ணிலும் படலாம். இரண்டு, பிஎச்பியின் "மேக்ஸ் இன்புட் வார்ஸ்" மதிப்பு, அதாவது ஒரு படிவத்திலிருந்து ஏற்கும் புலங்களின் உச்ச எண்ணிக்கை. இது இயல்பாக 1000தான் இருக்கும், 5000 ஆக்க வேண்டும். மூன்று, கிரான், அதாவது பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் சர்வர் தானாக ஓட்டும் ஏற்பாடு. இதுதான் மூடுலின் இதயத்துடிப்பு. நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். ஓடாவிட்டால் வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் நினைவூட்டல் போகாது, பாடம் முடிந்ததாகப் பதியாது. "நான் முடித்துவிட்டேன், சிஸ்டத்தில் காட்டவில்லை" என்று தொழிலாளி எச்.ஆர். வாசலில் வந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கிரானைத்தான்.

ஆட்களை ஏற்றுவது தனிக் கதை. எக்செல் பட்டியலைச் சிஎஸ்வி ஆக்கி ஒரே மூச்சில் 300 பேரையும் ஏற்றலாம், கோஹார்ட்1 (cohort1, அதாவது குழு) என்ற பத்தியில் துறைப் பெயரையும் சேர்த்து. ஆனால் எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவருக்குப் பணியாளர் எண்ணையே பயனர் பெயராக வையுங்கள். மூடுல் ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் கேட்கும். நிறுவனத்தின் சொந்த டொமைனில் பணியாளர் எண்ணை வைத்து ஒரு முகவரி போட்டு, அவர்களுக்கு மின்னஞ்சல் போவதை அணைத்துவிடலாம். கடவுச்சொல் விதியையும் தளர்த்துங்கள். இயல்பு நிலையில் எட்டு எழுத்து, ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக்குறி கேட்கும். பட்டன் போனிலிருந்து சமீபத்தில்தான் ஸ்மார்ட்போனுக்கு மாறிய ஹெல்பர் இதை இரண்டு தடவை தவறாக அடித்துவிட்டு மூன்றாம் தடவை முயலமாட்டார்.

பாடம், காணொளி, பொதி

காணொளியின் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் 10 நிமிடக் காணொளி சுமார் 112 எம்பி. 100 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் நொடிக்கு 150 மெகாபிட் வெளியே போக வேண்டும். சின்ன சர்வருக்கு இது ஆகாது. தொழிலாளியின் சொந்த டேட்டாவையும் தின்னும். அதே பத்து நிமிடத்தை நிலைப்படங்களும் 64 கிலோபிட் குரலுமாகச் செய்தால் ஒலிக்கோப்பு 5 எம்பிக்குள் முடியும். நடந்து காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் 30 நொடி, 60 நொடி காணொளி போதும். பயிற்சியாளர் மைக் முன் நின்று பேசும் முகத்தை நாற்பது நிமிடம் படம் பிடித்து ஏற்றுவதை விட வீணான வேலை இல்லை.

மூடுலோடு சேர்ந்தே வரும் எச்5பி என்ற ஊடாடும் பாடக் கருவி இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது. காணொளி நடுவில் நின்று கேள்வி கேட்கும், விடை சொன்னால்தான் நகரும்படி வைக்கலாம், முன்னே இழுத்து ஓட்டுவதைத் தடுக்கலாம். தனி மென்பொருள் வாங்காமலே இவ்வளவும் கிடைப்பது பெரிய லாபம்.

ஸ்கார்ம் பொதி, அதாவது எந்தக் கற்றல் மென்பொருளிலும் ஏற்றும்படி பொதுத் தரத்தில் கட்டிய ஆயத்தப் பாடம், வாங்குபவர்கள் 1.2 வடிவத்தில் கேளுங்கள். 2004 வடிவத்துக்கு மூடுலின் ஆதரவு முழுமையில்லை. 1.2இலும் இரண்டு சிக்கல். முதலாவது, அதில் "முடித்தார்", "தேறினார்" என்று தனித்தனியே சொல்ல முடியாது; நிலை ஒன்றே ஒன்றுதான். பொதி "தேறினார்" என்று அனுப்ப, நீங்கள் மூடுல் அமைப்பில் "முடித்தார்" என்பதை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த ஆள் எத்தனை தடவை தேறினாலும் பச்சைக்குறி விழாது. பத்துப் பேருக்குப் பொதுவில் திறக்கும் முன் ஒரு சோதனைக் கணக்கில் தேறியும் பாருங்கள், வேண்டுமென்றே தோற்றும் பாருங்கள். இரண்டாவது, விட்ட இடத்தை நினைவில் வைக்க 1.2 தருவது 4096 எழுத்து மட்டுமே. நீளமான பாடம் அதைத் தாண்டினால், தொழிலாளி மறுநாள் திறக்கும்போது முதலிலிருந்து தொடங்கும். ஒரு பெரும் பொதியை நான்காக உடைத்துத் தரச் சொல்வதே தீர்வு.

தேர்வு

வினாவங்கிதான் மூடுலின் முத்து. தேர்வுக்கு 30 கேள்வி எழுதிப் போட்டு அதில் 10ஐ ஆளுக்கு ஆள் மாற்றி எடுக்கச் செய்யலாம். பக்கத்து நாற்காலியைப் பார்த்து எழுதும் பழக்கம் பாதி இதிலேயே ஒழியும். இடையில் நெட் போனாலும் விடைகளை அவ்வப்போது தானாகச் சேமித்துக்கொள்கிறது.

"தேர்வை முடித்தால் பாடம் முடிந்தது" என்று அமைக்கும்போது மதிப்பெண் நிபந்தனையில் இரண்டு தேர்வு வரும்: ஏதேனும் ஒரு மதிப்பெண், தேர்ச்சி மதிப்பெண். முதலாவதை விட்டுவிட்டால் பத்துக்கு இரண்டு எடுத்தவரும் முடித்தவராகப் பதிவாவார். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர்தான் இதைக் கண்டுபிடிப்பார். தெரிந்த பிறகு திருத்தப் போனால் அமைப்பு பூட்டியிருக்கும். பூட்டைத் திறந்து மாற்றிச் சேமித்தால் அந்தச் செயல்பாட்டில் ஏற்கனவே பதிந்த நிறைவுக் குறிகள் அழிந்து மறுபடி கணக்கிடப்படும். தாமாகக் குறியிட்டுக்கொண்டவை போனது போனதுதான். முதல் ஆள் உள்ளே வரும் முன்பே இதைச் சரிபாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்து விடை எழுதும் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். தீயணைப்பான், தீ அணைப்பான், தீயணைப்புக் கருவி எல்லாம் சரியே. மூடுலுக்கு நீங்கள் எழுதி வைத்தது மட்டும்தான் சரி. ஔகாரத்தை ஒருவர் ஒரே எழுத்தாக அடிப்பார், இன்னொருவர் ஒகரத்தோடு ளகரம் சேர்த்து அடிப்பார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேர்வு செய்யும் வினா, பொருத்தும் வினா, படத்தில் இடம் காட்டும் வினா இவையே ஷாப் ஃப்ளோருக்கு ஏற்றவை. எந்திரத்தின் படத்தைப் போட்டு "அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே" என்று கேட்பது, அதை ஐந்து வரியில் எழுதச் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

தமிழில் மூடுல்

தமிழ் மொழிப்பொதி உண்டு, ஆனால் பல சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்து மிதப்பது தொழிலாளியைக் குழப்பும். நிர்வாகத் திரையிலேயே சொற்களை மாற்றும் வசதி இருக்கிறது. தொழிலாளி கண்ணில் படும் நாற்பது ஐம்பது சொற்களை மட்டும் எடுத்து உங்கள் ஆலையில் புழங்கும் பேச்சுக்கு மாற்றிவிடுங்கள். "சமர்ப்பிக்க" என்பதைவிட "முடித்து அனுப்பு" எல்லாருக்கும் புரியும். பாட உள்ளடக்கத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, யூனிகோட் தமிழ் சுத்தமாக வருகிறது.

சான்றிதழில்தான் வம்பு. பெரும்பாலோர் சேர்க்கும் சான்றிதழ்ச் செருகுநிரல், பிடிஎஃப் தயாரிக்க டிசிபிடிஎஃப் என்ற நிரலகத்தை நம்பியிருக்கிறது. அதற்கு இந்திய எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியாது. செல்வி என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் உட்காரும். எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது, கோளாறு எழுத்துருவில் இல்லை. நடைமுறைத் தீர்வு: மாறாத தமிழ் வாசகம் முழுவதையும் பின்னணிப் படமாகச் செய்து போட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் மாறும் பெயர், தேதி, எண்ணை மட்டும் ஆங்கில எழுத்தில் அச்சிடுவது. பெயரும் தமிழில்தான் வேண்டும் என்றால் பட்டியலை வெளியே எடுத்து வேர்டில் மெயில் மெர்ஜ் போடுங்கள், பத்து நிமிட வேலை.

மறுபயிற்சி

இங்கேதான் கல்லூரி எலும்பு துருத்துகிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் 19ஆம் பிரிவு, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் நடத்த வேண்டும் என்கிறது. தீயணைப்புக்கும் பெரும்பாலான ஆலைகள் ஆண்டுச் சுழற்சி வைத்திருக்கின்றன. 2025 ஜூனில் முடித்தவரை 2026 ஜூனில் மறுபடி உள்ளே அழைக்க அடிப்படை மூடுலில் வழியே இல்லை. பாடத்தை "ரீசெட்" செய்தால் எல்லாருக்கும் சேர்ந்தே அழியும், பழைய பதிவும் போகும். ஆண்டுக்கு ஒரு நகல் பாடம் எடுப்பது சிலர் செய்யும் வேலை. மூன்றாம் ஆண்டில் எது எதன் நகல் என்று நிர்வாகிக்கே தெரியாது.

ரீகம்ப்ளீஷன் என்ற இலவசச் செருகுநிரல் இந்தக் குழியை ஓரளவு அடைக்கிறது. ஆளுக்கு ஆள் அவரவர் முடித்த தேதியிலிருந்து இத்தனை நாள் என்று கணக்கிட்டு அவரது நிறைவை மட்டும் நீக்கி மறுபடி திறக்கும். நிறுவியதும் முதலில் செய்ய வேண்டியது, பழைய முயற்சிகளைக் காப்பகத்தில் வைக்கும் அமைப்பை இயக்குவது. மறந்தால் போன ஆண்டுச் சான்று கையில் இருக்காது. மூடுல் வொர்க்பிளேஸ் என்று நிறுவனங்களுக்கான பதிப்பு ஒன்று இருக்கிறது. காலாவதியாகும் சான்றிதழ், துறை வாரியான மேலாளர் அமைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது இலவசம் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட கூட்டாளிகள் வழியாகத்தான் வாங்க முடியும். 300 பேருக்கு அது அதிகப்படி. பல ஊர்களில் ஆலை வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

துறைவாரி அறிக்கைக்கு அடிப்படைப் பதிப்பே போதும். 4.0 முதல் அறிக்கை கட்டும் கருவி உள்ளேயே வருகிறது. முடிக்காதவர் பட்டியலைத் துறைப்படி பிரித்து வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பும்படி அமைக்கலாம். திங்கள் காலை சூப்பர்வைசர் பெட்டியில் அந்தப் பட்டியல் விழுந்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

நேரலை வகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு 4.0 முதல் பிக்புளூபட்டனும் கூடவே வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் சர்வருக்கு எல்லை உண்டு: ஓர் அமர்வில் 25 பேர், 60 நிமிடம், பதிவுகள் ஏழு நாளில் நீங்கும். ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிடத்தைவிட நேரம் தேவலாம், ஷிப்டுக்கு ஒரு குழு என்றால் சமாளிக்கலாம்.

யாருக்கு வேண்டாம்

40 பேருக்குக் குறைவான பட்டறைக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவது போல. அங்கே ஒரு கூகுள் ஃபார்ம் தேர்வும் நேரடி வகுப்பும் போதும். ஆளே எழுதினாரா என்று உறுதி செய்ய முடியாது என்பது அதன் குறை, சின்ன இடத்தில் அது பெரிய குறை இல்லை. கூகுள் கிளாஸ்ரூமில் ஸ்கார்ம் பொதி ஓடாது. ஒன்றில் தேறினால்தான் அடுத்தது திறக்கும் என்ற கட்டுப்பாடும் மூடுலில் உள்ள அளவுக்கு இல்லை.

மூடுல் எடுப்பவர்கள் கேன்டீன் ஓரத்தில் இரண்டு மூன்று கணினிகளைப் பொதுவில் வையுங்கள். போன் இல்லாதவரும் போனுக்கு அனுமதி இல்லாத பகுதியில் வேலை செய்பவரும் அங்கே உட்காரட்டும். பொதுக்கணினியில் ஒருவர் வெளியேறாமல் எழுந்து போனால் அடுத்தவர் அவர் பெயரிலேயே தேர்வு எழுதிவிடுவார். அதனால் அமர்வு தானாகக் காலாவதியாகும் நேரத்தை 15 நிமிடத்துக்குக் குறைத்துவிட்டு, உலாவியைத் தனிப்பட்ட (இன்காக்னிட்டோ) முறையில் திறக்கும்படி அமைத்து வையுங்கள். 15 நிமிடம் அசையாமல் காணொளி பார்ப்பவரையும் இது வெளியே தள்ளும் என்பதால் அலகுகள் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.